குண்டுச் சத்தத்துக்கு அழாத பிள்ளை

1

இன்று காலை எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் என் மகளின் முதுகுக்குப் பின்னால் குந்தியிருந்து கிலுக்கு ஆட்டினாள். இன்னொருத்தி முன்னால் இருந்து ஒரு நிறப்பந்தைக் காட்டிப் பிள்ளையின் கவனத்தைப் பிடித்துவிட்டு, சட்டென்று பந்தை மறைத்துக்கொண்டாள். நான் பிள்ளையை மடியில் வைத்தபடி மூச்சுக் காட்டாமல் இருந்தேன். லண்டனில் எட்டு மாதப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் காது சோதிக்கிறார்கள்.

பார்க்க விளையாட்டுப் போல இருந்தாலும் அதற்கு ஆயிரம் சட்டம் உண்டு. பின்னால் இருப்பவள் வாசனை பூசியிருக்கக் கூடாது. அவளுடைய நிழல் சுவரில் விழக் கூடாது. பலகைத் தரை அதிரக் கூடாது என்று சப்பாத்தைக்கூடக் கழற்றி வைத்துவிட்டாள். "கேட்காத பிள்ளை பெரிய கெட்டிக்காரப் பிள்ளை. கண்ணாலும் தோலாலும் மூக்காலும் பிடித்துவிடும். ஏமாறுவது நாங்கள்தான்" என்று முன்னால் இருந்தவள் எனக்கு விளங்கப்படுத்தினாள். என் மகள் இரண்டு பக்கமும் அழகாகத் திரும்பினாள். எல்லாம் சரி என்று எழுதிக்கொண்டு, நான் ஊற்றி வைத்த தேத்தண்ணியைத் தொட்டும் பாராமல் இருவரும் போய்விட்டார்கள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து அழுதேன். பிள்ளை பாஸ் பண்ணியதற்கு அழுகிற தாயை அவர்கள் கண்டிருந்தால் என்னையும் ஒரு சோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். இவர் விடிய முன்னம் பெற்றோல் கடை வேலைக்குப் போனவர். மூத்தவன் பள்ளிக்கூடத்தில். ஏன் அழுகிறாய் என்று கேட்க வீட்டில் ஒருவரும் இல்லை. ஏழு வருடமாக இந்த வீட்டில் என் அழுகைக்குச் சாட்சி கொதிக்கிற கேத்தில்தான்.

நேற்று கொழும்பிலிருந்து என் தங்கை வசந்தி ரெலிபோன் எடுத்தாள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நாங்கள் யாழ்ப்பாணத்து நீர்வேலி. நான் கலியாணம் செய்து இங்கே வந்தேன், அவள் அங்கேயே வாழைத் தோட்டக்காரர் ஒருவரைக் கட்டினாள். அவளுடைய ஒரே மகன் கண்ணனுக்கு வருகிற தையில் மூன்று வயது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரில் இருந்து வாசிப்பவர்கள் யார் வீடு என்று தேடி மினைக்கெட வேண்டாம். நீர்வேலியில் வாழைத் தோட்டக்காரர் ஒருவரா இருவரா.

2

என் மகள் பிறந்தது மாசிக் குளிரில். அடுத்த நாள் காலை ஒரு இளம் பெண் தள்ளுவண்டியில் கொம்பியூட்டர் ஒன்றை உருட்டிக்கொண்டு என் கட்டிலடிக்கு வந்தாள். பிள்ளையின் காதைச் சோதிக்க வேண்டும், சம்மதமா என்று கேட்டாள். கண்ணே இன்னும் வடிவாகத் திறக்காத பிள்ளைக்குக் காதில் என்ன சோதனை என்று எனக்கு விளங்கவில்லை. என் ஆங்கிலம் கடைக்கும் பஸ்ஸுக்கும் காணும். ஆஸ்பத்திரிக்குக் காணாது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு மொழிபெயர்க்க ஒருவரைக் கூப்பிட்டார்கள். என் ஆஸ்பத்திரிக் கோவையில் சிறிலங்கா என்று இருந்ததால் வந்தவர் ஒரு சிங்கள அம்மா. கண்டிப் பக்கமாம். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. சண்டைக்குப் பயந்து ஓடி வந்தவளுக்குத் துணைக்கு ஆள் பிடித்துக் கொடுத்த அழகைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பிறகு அந்த அம்மா அதே ஆங்கிலத்தைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, பிள்ளைக்குச் சோறு தீத்துவது போல மெல்ல மெல்லச் சொன்னார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. போகும்போது பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

விளங்கிய விஷயம் இதுதான். காது சத்தத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதில்லையாம். நல்ல காது தானும் ஒரு மெல்லிய சத்தத்தைத் திருப்பி அனுப்புமாம். அது எங்களுக்குக் கேட்காது, அந்த மிசினுக்குக் கேட்கும். பிள்ளை நித்திரையாய்க் கிடக்க, காதுக்குள் ஒரு மெல்லிய றப்பர் முனையை வைத்து டிக் டிக் என்று சத்தம் விடுவார்கள். காது பதில் சொன்னால் சரி. இவ்வளவு காலமும் எட்டு மாதத்தில் கிலுக்கு ஆட்டித்தான் பார்த்தார்களாம். அதிலே தப்பிப் போகிற பிள்ளைகளைக் கண்டுபிடிக்க மூன்று வயது ஆகிவிடுமாம், பேச்சைப் பிடிக்கிற வயது போய்விடுமாம். இது புதுமுறை, இங்கே சில ஆஸ்பத்திரிகளில் மட்டும் செய்து பார்க்கிறோம், அமெரிக்காவிலும் சில இடங்களில் தொடங்கியிருக்கிறார்கள் என்று அந்தப் பெண் பெருமையாகச் சொன்னாள்.

"உங்கள் ஊரில் எப்படி?" என்று கேட்டாள்.

"எங்கள் ஊரில் கரண்டே இல்லை" என்றேன். கரண்டைத் தானே நிறுத்தியவள் போல முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டாள்.

மகளின் வலது காது பதில் சொன்னது. இடது காது சொல்லவில்லை. பிறந்த ஈரம் காதுக்குள் நிற்கலாம், பயப்பட ஒன்றுமில்லை, மூன்று கிழமையால் திரும்பக் கொண்டு வாருங்கள் என்றாள். பயப்பட ஒன்றுமில்லை என்று வெள்ளைக்காரர் சொன்னால் எனக்கு அந்த நிமிடத்திலிருந்து பயம் தொடங்கும்.

3

அந்த மூன்று கிழமையும் என் வீடு ஒரு சோதனைச்சாலை. சில்வர்க் கோப்பையில் கரண்டியால் தட்டினேன். பேணிக்குள் பயறு போட்டுக் குலுக்கினேன். இடது பக்கம் போய்க் கைதட்டினேன். "அம்மா, ஸ்ரொப் இற்" என்று ஆறு வயது மூத்தவன் ரீவியிலிருந்து கண்ணை எடுக்காமலே கத்தினான். அவனை நான் தமிழில் கூப்பிட்டால் மூன்றாம் தரம்தான் திரும்புவான். பள்ளிக்கூட வாசலில் கூட்டாளி ஒருவன் ஆங்கிலத்தில் முணுமுணுத்தாலும் உடனே திரும்புவான். அவனுடைய காதில் பழுதில்லை. எந்த மிசினில் வைத்துப் பார்த்தாலும் பாஸ் பண்ணுகிற காது அது.

ஒரு காலை நான் தும்புத்தடியால் கூட்டிக்கொண்டு நிற்க, வாசல் கதவுத் துவாரத்தால் தபால் விழுந்தது. பெரிய சத்தம் இல்லை, ஒரு கடிதம் பாயில் விழுகிற சத்தம். அறையில் இடது காது மேலே தெரிய ஒருக்களித்துக் கிடந்த மகள் திடுக்கிட்டுக் கையை விரித்து முகத்தைச் சுளித்தாள். எனக்குப் போன உயிர் வந்தது. ஓடிப்போய்க் கடிதத்தை எடுத்தேன். காஸ் பில். அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்குக் கண்ணனின் ஞாபகம் வந்தது. ஒரு காஸ் பில் விழ என் பிள்ளை துள்ளுகிறாள். வசந்தியின் பிள்ளை குண்டு விழ நித்திரை கொண்டவன்.

கண்ணன் பிறந்த காலத்தில் வசந்தி எழுதிய கடிதங்கள் முழுக்க அதுதான் கதை. சகடை என்று ஊர் பெயர் வைத்த குண்டு போடுகிற பிளேன் அச்சுவேலிப் பக்கம் வந்து சுற்றும். அயலட்டைப் பிள்ளைகள் எல்லாம் வீரிட்டுக் கத்தும், சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலே வரும். கண்ணன் மட்டும் சீலையில் கட்டிய ஏணைக்குள் கையைக் காலை ஆட்டிச் சிரித்துக்கொண்டு கிடப்பான். "சண்டைக்குள்ளை பிறந்த பிள்ளை, சத்தத்துக்குப் பழகிட்டுது" என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்களாம். துணிவான பிள்ளை என்று பெயர் எடுத்துவிட்டான். கண்பட்டுவிடும் என்று மாமியார் செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டு நாவூறு கழித்தாவாம். நானும் சும்மா இருக்கவில்லை. இங்கே கோயிலில் கண்ட சனத்துக்கெல்லாம் என் தங்கையின் பிள்ளையின் துணிச்சலைச் சொல்லித் திரிந்தேன்.

நடக்கத் தொடங்கிய பிறகு கதை மாறியது. சகடை வந்தால் எல்லாருக்கும் முன்னால் பங்கருக்குள் ஓடுகிறவன் கண்ணன்தானாம். "எங்களுக்குக் கேக்க முதலே இவனுக்குக் கேட்டிடும் அக்கா, அவ்வளவு கூர்மையான காது" என்று எழுதினாள். இன்று யோசித்தால் எல்லாம் வெளிச்சம். அவன் தாயின் முகத்தையும் தகப்பனின் கழுத்தையும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். பெரியவர்கள் தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்க, காரணம் தேடாமல் அவன் ஓடியிருக்கிறான். நாங்கள் சத்தம் வருகிறதா இல்லையா என்று காது கொடுத்து நிற்கிற நேரத்தில் அவன் பங்கர்ப் படியில் இறங்கியிருப்பான்.

இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. அதற்கும் எங்களிடம் மருந்து இருந்தது. ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும். தகப்பனும் நாலு வயதில்தான் வாய் திறந்தவராம். நாக்குத் தடிப்பு என்று வசம்பு சுட்டு உரைத்துத் தடவினார்கள். பேச்சு வந்தால் பிள்ளையாருக்கு மணி கட்டுகிறோம் என்று நேர்த்தி வைத்தார்கள். அழாததற்கு ஒரு காரணம், ஓடினதற்கு ஒரு காரணம், பேசாததற்கு ஒரு காரணம். எல்லாம் அச்சொட்டாகப் பொருந்தியது. பிறகு யார் காதை நினைப்பார்கள்?

4

மூன்று கிழமையால் மகளின் இடது காதும் பதில் சொன்னது. நான் அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்தேன். பஸ்ஸில் வரும்போது சந்தோஷத்தில் பாதி கரைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன்.

"நீர் என்ன டொக்டரோ?" என்றார். "ஆறாயிரம் மைல் தள்ளி இருந்துகொண்டு ஒரு பிள்ளைக்குக் காது கேக்காதெண்டு சொல்ல உமக்கு எப்பிடி மனம் வரும்?"

"பிழையா இருந்தால் நல்லதுதானே. பாத்திட்டு இல்லையெண்டு எழுதட்டும்."

"இவ்வளவு நாளும் பாத்த தாய்க்குத் தெரியாதோ? தன்ரை பிள்ளைக்குக் காது நல்லமெண்டு தெரிஞ்ச கையோடை என்ரை பிள்ளையிலை பழுது பிடிக்கிறாள் எண்டு நினைப்பாள். பேசாமல் இரும்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் சனத்திடம் ஒரு பிள்ளை கறுப்பு என்று சொல்லலாம், மெலிவு என்றுகூடச் சொல்லலாம். உறுப்பில் குறை என்று வாயால் சொல்லக் கூடாது, சொன்னவளின் நாக்குத்தான் குறையைக் கொண்டுவந்தது என்று ஆகிவிடும். ஆனால் அந்த இளம் பெண் சொன்னது என்னைத் தின்றது. பேச்சைப் பிடிக்கிற வயது போய்விடும். கண்ணனுக்கு அப்போதே இரண்டு தாண்டிவிட்டது. யாழ்ப்பாணத்துக்கு ரெலிபோன் இல்லை. கடிதம் கொழும்புக்குப் போய்க் கப்பலேறி அவள் கைக்குச் சேர எத்தனை மாதமோ. நான் யோசித்துக்கொண்டு இருக்கிற ஒவ்வொரு நாளும் அவனுடைய நாள்.

எழுதினேன். குறை என்ற சொல்லைப் போடாமல் நாலு பக்கம் எழுதினேன். பின்னால் நின்று பார், நிழல் விழாமல் நில், நிலம் அதிரக் காலை வைக்காதே, காற்றுப் படுகிற மாதிரிக் கைதட்டாதே என்று, ஏதோ கறிக்குப் பக்குவம் சொல்வது போல எழுதினேன்.

இரண்டரை மாதத்தால் பதில் வந்தது. வசந்தி இதற்கு முதல் எனக்கு அப்படி எழுதியதே இல்லை. "உங்கை எல்லாத்துக்கும் மிசின் வேணும். இஞ்சை எங்களுக்கு அந்த வருத்தம் இல்லை. இவர் பின்னாலை நிண்டு கைதட்டினவர், உடனை திரும்பினவன். என்ரை பிள்ளை குண்டுக்குப் பயப்பிடாதது ஒரு குற்றமோ? நீங்கள் பயந்துதானே அங்கை ஓடினனீங்கள்" என்று எழுதியிருந்தாள்.

கடைசி வரியை இவருக்குக் காட்டவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. தனிமைதான் வந்தது. ஊரில் இருந்திருந்தால் அன்று பின்னேரமே அவள் வீட்டுக்கு நடந்து போயிருப்பேன். திட்டினால் திட்டு வாங்கிக்கொண்டு அடுக்களையில் இருந்து அவளுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்திருப்பேன். அடுத்த நாள் அவளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பாள். கடிதத்தில் கோபிக்கலாம், கடிதத்தில் சமாதானமாக முடியாது. பதில் போட்டேன். அதற்குப் பதில் இல்லை.

5

ஆடி மாதம் ஒரு நாள் ரெலிபோன் அடித்தது. "அக்கா" என்று ஒரு குரல். ஏழு வருடத்துக்குப் பிறகு அவளுடைய குரல். கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்து எடுக்கிறாள் என்று விளங்கவே எனக்கு நேரம் எடுத்தது.

"எப்பிடி வந்தனி?"

"கிளாலிக் கடலாலை வள்ளத்திலை வந்தனாங்கள். நானும் இவனும். அக்கா, நீங்கள் எழுதினது சரி."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுதோம். அழுகைக்கும் ரெலிபோன்காரன் காசு எடுப்பான் என்று அவள்தான் முதலில் தெளிந்தாள். நடந்ததைச் சொன்னாள்.

தகப்பன் வாழைக்குலைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போயிருந்த காலை நேரம். வசந்தி முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். கண்ணன் வாழைக்குள் முதுகைக் காட்டிக் குந்தியிருந்து தண்ணீர் போகிற வாய்க்காலில் சருகு விட்டு விளையாடிக்கொண்டிருந்தான். பிளேன் வந்துவிட்டது.

"எல்லாரும் பங்கருக்கை ஓடுது. நான் கண்ணா, கண்ணா எண்டு கத்திறன் அக்கா. என்ரை தொண்டை கிழியக் கத்திறன். பிளேன் பதிஞ்சு எங்கடை தலைக்கு மேலாலை போகுது. இவன் சருகைத் தண்ணியிலை விட்டிட்டு அது போற வடிவைப் பாத்துக்கொண்டு இருக்கிறான். அவனுக்கு முன்னாலை ஒருத்தரும் இல்லை. பாக்கிறதுக்கு ஒரு முகம் இல்லை. அப்பதான் எனக்கு விளங்கினது. ஓடிப்போய்த் தூக்கினனான். தூக்கின பிறகுதான் அவன் திடுக்கிட்டவன். குண்டு ரெண்டு வளவு தள்ளி விழுந்தது."

அன்று அவள் கணவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சந்தையால் வந்து, பிள்ளை வாய்க்காலடியில் பயப்படாமல் இருந்தானாம் என்று அயலார் சொல்லக் கேட்டு, அவனைத் தோளில் தூக்கி வைத்து ஊரைச் சுற்றினாராம். அந்த மனிசனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று வசந்தி கேட்டாள். பேச்சு வரவில்லை, கொழும்பில் ஒருக்கா நாக்கைக் காட்டிக்கொண்டு வாறன் என்று சொல்லி, ஊரை விட்டு வெளிக்கிட இயக்கம் கொடுக்கிற பாஸை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கொழும்பில் சோதித்த டொக்டர் இரண்டு காதும் மோசம், ஆனால் முற்றாக இல்லை என்றார். சட்டைப்பையில் வைக்கிற சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கிற ஒரு சின்னப் பெட்டியும் காதுக்கு வயரும் தந்து, பழக்குவதற்கு ஒரு ரீச்சரிடமும் அனுப்பினார். முதல் நாள் பெட்டியைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்ததும் ஒரு பஸ் ஹோண் அடித்ததாம். கண்ணன் வீரிட்டுக் கத்திக்கொண்டு அவளுடைய சீலைக்குள் முகத்தைப் புதைத்தானாம்.

"அவன் பயந்து அழுகிறான், நான் நடுரோட்டிலை நிண்டு சிரிக்கிறன் அக்கா. பாத்த சனம் எனக்கு விசரெண்டு நினைச்சிருக்கும்."

நான் அவளை இங்கே எடுக்கலாமா என்று ஓடித் திரிந்தேன். விசா கொடுக்கிற ஒரு கந்தோரில் இன்னொரு கந்தோரைக் காட்டினார்கள். அங்கே இருந்த பெண் பிள்ளையின் வருத்தம் உயிருக்கு ஆபத்தானதா என்று கேட்டாள். காது கேட்காதது உயிருக்கு ஆபத்தா என்று அவள் கேட்க, வாழைத் தோட்டமும் தாழப் பறந்த பிளேனும் என் கண்ணுக்கு முன் வந்தன. அதைச் சொல்ல என்னிடம் ஆங்கிலம் இருக்கவில்லை. பரிசீலிப்போம் என்றார்கள். இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான், ஏழு வருடத்தில் அதையாவது படித்துவிட்டேன்.

6

நேற்று அவள் எடுத்தது ஊருக்குத் திரும்பிப் போகிறேன் என்று சொல்ல. கொழும்பில் நிற்கப் பொலிஸ் கொடுத்த நாட்கள் முடிகின்றன. லொட்ஜில் அடிக்கடி சோதனை. கணவரைக் கொழும்புக்குக் கூப்பிட அவருக்குப் பாஸ் கிடைக்காது.

எனக்கு ஆத்திரம் வந்தது. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக அரசாங்கம் விடாத சாமான்களில் பற்றரியும் ஒன்று என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பற்றரி இல்லாவிட்டால் அந்தப் பெட்டி வெறும் பெட்டி.

"டொக்டர் கடிதம் தந்திருக்கிறார்" என்றாள். "வவுனியாவிலை ஆமி காட்டச் சொன்னால் காட்டுவன். கொஞ்சத்தையெண்டாலும் விடுவாங்கள். ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம் போட்டால் கன நாளைக்கு வரும்."

"அங்கை கொண்டுபோய் அவனுக்கு என்னத்தைக் கேக்கப் பண்ணப் போறாய்? குண்டையோ?"

சொன்ன பிறகுதான் என் வாயை நான் கேட்டேன்.

"தகப்பன்ரை குரலை" என்றாள்.

இதை எழுதுகிற நேரம் அவர்கள் வவுனியா பஸ்ஸில் இருப்பார்கள். அதற்குப் பிறகு கிளாலியில் வள்ளத்துக்குக் காத்திருக்க வேண்டும். இந்தக் குறிப்பு அச்சாகி, கடல் கடந்து, உங்களில் யாருடைய கைக்காவது வந்து சேருகிற நேரம் தெரிய வேண்டியவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். அந்தத் துணிவில்தான் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

"அவருக்கு இன்னும் தெரியாது அக்கா" என்றாள் வசந்தி. "ரெண்டு கடிதம் போட்டனான், ரெண்டிலையும் எழுத மனம் வரேல்லை. நாக்குக்கு மருந்து குடுக்கினம் எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருக்கிறார். நேர்த்தி மணியும் வாங்கி வைச்சிட்டாராம்."

"போய்ச் சொல்லத்தானே வேணும்."

"சொல்லுவன். ஆனால் உப்பிடிச் சொல்ல மாட்டன். இந்த மூண்டு மாதத்திலை இவனுக்கு ஒரேயொரு சொல்லுத்தான் பழக்கியிருக்கிறன். கண்ணா எண்டு கூப்பிட்டால் திரும்புறான். எல்லா நேரமும் இல்லை, பத்துக்கு ஆறேழு தரம் திரும்புறான். வேறை ஒண்டும் விளங்காது. பேர் மட்டும் பிடிபட்டிட்டுது."

பின்னால் யாரோ நேரம் முடிகிறது என்று சொல்வது கேட்டது. அவள் கதையை வேகப்படுத்தினாள்.

"ஊருக்குப் போனவுடனை பெட்டியைப் போட்டு இவனை முத்தத்திலை விளையாட விடுவன். நான் ஒண்டும் கதைக்க மாட்டன். அவர் தோட்டத்தாலை வந்து படலையடியிலை நிண்டு கூப்பிடுவார். பிறந்த நாள் தொடக்கம் அப்பிடித்தான் கூப்பிடுறவர். திரும்பாட்டில், கள்ளனுக்கு விளையாட்டுப் புத்தியெண்டு சிரிச்சுக்கொண்டு போவார். இந்த முறை இவன் திரும்பட்டும். தன்னைத் திரும்பிப் பாத்த பிறகு, இவ்வளவு நாளும் கேக்கேல்லை எண்டு சொல்லுறன். அப்ப தாங்குவார்."

திரும்பாவிட்டால் என்று கேட்க எனக்கு வாய் வந்தது. பத்துக்கு ஆறேழு என்றால் மிச்சம் இருக்கிறதே. கேட்கவில்லை. அவள் அதை எத்தனை தரம் தன்னையே கேட்டிருப்பாள்.

"நல்லா உரத்துக் கூப்பிடச் சொல்லு" என்றேன்.

"அவர் எப்பவும் உரத்துத்தான் அக்கா கூப்பிடுறவர்" என்றாள்.